நல்லவன் கெட்டவன் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது?

ஒருவர் கேட்ட கேள்வி இது. ஆர்பிஜி மேக்கர் என்கிற, கேம் செய்வதற்கான மென்பொருளில் சின்னதாக ஒரு மாயாஜால கேம் செய்துகொண்டிருக்கிறார். ஹீரோ நல்லது செய்தால் ஏறும், கெட்டது செய்தால் இறங்கும் என்று திரையின் ஓரத்தில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். ஆடிப் பார்த்த நண்பர்கள் யாரும் அந்த மீட்டரைச் சட்டையே செய்யவில்லையாம். "பெரிய கேம்களில் இந்த நல்லவன் கெட்டவன் விஷயம் உள்ளே எப்படி வேலை செய்கிறது? அங்கே மட்டும் எப்படி மனசில் தைக்கிறது?" என்கிறார்.

பெரிய கேம்களிலும் பாதி நேரம் தைப்பதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இவற்றை ஆடி வருகிறேன். சிலவற்றின் மாட் கோப்புகளை, அதாவது ஆடுகிறவர்கள் கேமை மாற்றி எழுதுகிற கோப்புகளை, திறந்து நோண்டியும் பார்த்திருக்கிறேன். உள்ளே அறம் என்று எதுவும் கிடையாது. எண்கள் இருக்கும், சுவிட்சுகள் இருக்கும். இன்ன செயலுக்கு இத்தனை மார்க் என்று கதை எழுதியவர் முன்கூட்டியே ஒட்டி வைத்த சீட்டுகள் இருக்கும். அவ்வளவுதான் சரக்கு. அந்தக் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் ஒரு கேமுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் வருகிறது.

ஃபேபிள், ஸ்கைரிம் என்ற இரண்டு கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2004ல் வந்த ஃபேபிளில், ஆளே இல்லாத காட்டில் நின்று ஒரு கோழிக்குஞ்சைத் தின்றாலும் பாவம் ஏறும். பாவம் சேரச் சேர ஹீரோவின் தலையில் கொம்பு முளைக்கும், சுற்றி ஈ மொய்க்கும். புண்ணியம் சேர்ந்தால் ஒளிவட்டம், பட்டாம்பூச்சி. யார் பார்த்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2011ல் வந்த ஸ்கைரிமில் இதற்கு நேர் எதிர். கடைக்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு, அவர் முன்னாலேயே அலமாரியைக் காலி செய்யலாம். கண் மறைந்துவிட்டது, ஆகவே சாட்சி இல்லை, ஆகவே குற்றமும் இல்லை.

முதலாவது சித்திரகுப்தன் கணக்கு. இரண்டாவது ஊர்வாய். முதலாவதற்கு மொராலிட்டி, இரண்டாவதற்கு ரெபுடேஷன் என்று இரண்டு தனிப் பெயர்கள் இருப்பது இதனால்தான். ஆனால் கேம் செய்கிறவர்கள் அவசரத்தில் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டு அடைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்டவரே, உங்கள் மீட்டரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிணற்றடியில் யாருக்கும் தெரியாமல் எடுத்த காசுக்கும், சந்தையில் நாலு பேர் பார்க்க அடித்த அடிக்கும் ஒரே மீட்டர்தானே குறைகிறது?

கம்ப்யூட்டருக்கு முன்னால் மேஜை விளையாட்டுதான். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுவா என்று ஒரு முத்திரை இருந்தது. சில வருஷங்களில் அதன் குறுக்கே நன்மை தீமை என்ற அச்சும் சேர்ந்து, மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டம் ஆனது. மேஜையில் அதற்கு ஒரு மனிதர் நடுவராக உட்கார்ந்திருப்பார். "பசிக்குத்தானே திருடினேன்" என்று அவரிடம் வாதாடலாம். கம்ப்யூட்டரிடம் வாதாட முடியாது. பின்னால் வந்த எல்லாத் தகராறுக்கும் இதுதான் வேர்.

கம்ப்யூட்டரில் இதை முதலில் உருப்படியாகச் செய்தது 1985ல் வந்த அல்டிமா 4. இன்றைக்கு உட்கார்ந்து ஆடினால் கண் வலிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் இப்போதும் அதை மிஞ்சியவை குறைவு என்பது என் கட்சி. முந்தைய கேமுக்கு வந்த கடிதங்கள்தான் தன்னை யோசிக்க வைத்தன என்று அதைச் செய்த ரிச்சர்ட் கேரியட் சொல்லியிருக்கிறார். வென்றால் போதும் என்று ஆட்கள் கடையில் திருடுகிறார்கள், அப்பாவிகளைக் கொல்கிறார்கள், கேமும் அவர்களுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது. அதனால் நாலாவது கேமில் கடைசியில் அடித்து வீழ்த்த ஒரு வில்லனே கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களில் தேறி 'அவதார்' ஆவதுதான் வேலை. நம் ஊர் அவதாரம்தான், அங்கே போய் இந்த வேஷம் கட்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது எளிமையானது. எட்டுக் குணத்துக்கும் எட்டு எண்கள், எல்லாம் 50ஐ ஒட்டித் தொடங்கும். திரையில் எங்கேயும் காட்டாது. பிச்சைக்காரருக்குக் காசு போட்டால் கருணை 2 ஏறும். வைத்தியரிடம் ரத்தம் கொடுத்தால் தியாகம் 5 ஏறும். தற்பெருமையாகப் பதில் சொன்னால் பணிவு 5 இறங்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது மூலிகைக் கடை. கடைக்காரப் பெண்ணுக்குக் கண் தெரியாது. மந்திரத்துக்கான பொருளை எடுத்துக்கொண்டு, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே தட்டச்சு செய்யவேண்டும். 80 காசு பொருளுக்கு 1 காசு என்று தட்டலாம், அவர் வாங்கிக்கொள்வார். ஒரு சத்தமும் வராது. மந்திரப் பொருள் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷமாக நாமும் போய்க்கொண்டே இருப்போம். பின்னணியில் ஒவ்வொரு ஏமாற்றுக்கும் நேர்மை, நீதி, மானம் மூன்றும் தலா 10 சரிந்துகொண்டிருக்கும். ஒழுங்காகக் காசு கொடுத்தால் ஏறுவது 2 மட்டுமே. ஒரு பொய்யை ஈடுகட்ட ஐந்து தடவை நேர்மையாக இருக்கவேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

கோட்டையில் ஹாக்விண்ட் என்று ஒரு ஞானி இருப்பார். அவரிடம் போய் ஒவ்வொரு குணத்தையும் பற்றிக் கேட்டால் நிலைமையைப் பட்டும் படாமல் சொல்வார், எண்ணைச் சொல்ல மாட்டார். முழுதாகத் தேறிய ஒரு குணத்தைப் பின்னால் கெடுத்துக்கொண்டால் 'எட்டில் ஒரு பங்கை இழந்தாய்' என்று மட்டும் திரையில் வரும். இங்கே நோட்டு சித்திரகுப்தன் கையில்தான். ஆனால் அதை நமக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பயம் வருகிறது.

அதற்குப் பிறகு வந்த பல கேம்கள் நோட்டை நம் கையிலேயே கொடுத்துவிட்டன. அங்கேதான் காரியம் கெட்டது.

1998ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டை எடுத்துக்கொள்கிறேன், இதில் நானே செய்த ஒரு கேவலம் இருக்கிறது. அங்கே ஹீரோவும் கூட வருகிறவர்களும் சேர்ந்த மொத்தக் கூட்டத்துக்கும், ஊரில் எவ்வளவு நல்ல பேர் என்று காட்ட 1 முதல் 20 வரை ஒரே எண். பேர் ஏறினால் கடையில் விலை குறையும், உச்சிக்குப் போனால் பாதி விலைக்கே கிடைக்கும். அதலபாதாளத்துக்கு இறங்கினால் காவலர்கள் பார்த்த இடத்தில் வெட்டுவார்கள். அதோடு இன்னொரு சங்கதி: கூட வருகிற நல்லவர்களுக்கு பேர் கெட்டால் ஆகாது, கூட வருகிற கெட்டவர்களுக்கு பேர் ரொம்ப நன்றாக இருந்தால் ஆகாது. முதலில் முணுமுணுப்பார்கள், 19, 20 என்று போனால் பிய்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு வைகோனியா என்ற பூசாரிப் பெண் தேவைப்பட்டாள். நிலத்தடி இனத்தவள், கெட்டவள் முத்திரை, மந்திரத் தடுப்பு அபாரம். அவளைச் சேர்த்துக்கொண்டாலே ஊர் முகம் சுளித்து பேர் 2 குறையும். அது எனக்குப் பரவாயில்லை. ஆனால் நான் போகிற இடமெல்லாம் ஜனங்களுக்கு உதவி செய்யப் போய், பேர் விறுவிறுவென்று ஏறிவிட்டது. அவள் முணுமுணுக்கத் தொடங்கினாள். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரெகோஸ்ட் ஊரில் ஒரு வீட்டுக்குள் போய், வம்புதும்பு எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த ஒரு ஆளைக் கொன்றேன். பேர் தடாலென்று விழுந்தது, நான் நினைத்ததைவிட அதிகமாகவே. உடனே ஊருக்குக் கிழக்கே இருக்கிற லதாண்டர் கோவிலுக்குப் போய்க் காணிக்கை போட்டு ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி, வைகோனியாவும் போகாத, கடைக்காரரும் விலை ஏற்றாத ஒரு எண்ணில் கொண்டுவந்து நிறுத்தினேன். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி.

அந்தக் கொலை என் மனசில் ஒரு துளிகூட ஒட்டவில்லை. ஒட்டியது எண் மட்டும்தான். செத்தவனின் பெண்டாட்டி பிள்ளை யாரும் என்னைத் தேடி வரவில்லை, அடுத்த வீட்டுக்காரர்கூட கேட்கவில்லை. ஊர் முழுக்க ஒரே ஒரு எண், அந்த எண்ணைக் கோவிலில் காசு கொடுத்து வாங்க முடிகிறது. ஃபேபிளிலும் இதே கதைதான். ஆவோ கோவிலில் தங்கத்தைக் கொட்டினால் கொம்பு மறைந்துபோகும். உண்டியலில் போட்டால் பாவம் தீரும் என்ற நம்பிக்கை நமக்குப் பழக்கமானதுதான், ஆனால் அதைக் கேம் விதியாக எழுதி வைத்தால் ஆடுகிறவனுக்கு அது சலவைக் கணக்கு ஆகிவிடுகிறது.

எண்ணைத் திரையில் காட்டி, அதற்குப் பரிசும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் நல்ல உதாரணம். அது விண்வெளிக் கதை, மாயாஜாலம் இல்லை, இருந்தாலும் முதல் பால்டர்ஸ் கேட்டைச் செய்த அதே பயோவேர் நிறுவனத்து ஆட்கள் செய்தது. நல்ல பதிலுக்கு ஒரு நிறத்தில் புள்ளி, முரட்டுப் பதிலுக்கு வேறு நிறத்தில் புள்ளி. 2010ல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு பக்கமாகவே புள்ளி சேர்த்தவர்களுக்குத்தான் முக்கியமான இடங்களில் சமரசம் பேசும் பதில்கள் திறக்கும். ஆக, இடத்துக்குத் தகுந்தபடி யோசித்துப் பதில் சொல்கிறவன் முட்டாளாகிறான். படிக்காமலே மேல் வரிசைப் பதிலை அமுக்கிக்கொண்டு போகிறவன் ஜெயிக்கிறான். ஆடியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் நல்லவர் பாதையிலேயே போனார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஜான் எபெங்கர் 2020ல் ட்விட்டரில் எழுதினார். கெட்டவன் வசனங்களுக்கு எவ்வளவோ உழைத்தோம் என்ற ஆதங்கம் அவருக்கு. எனக்கு ஆச்சரியமில்லை. பெரும்பாலானவர்கள் கேமிலும் நல்லவர்களாகத்தான் இருக்க விரும்புகிறார்கள். கெட்டது செய்ய ஒரு காரணம் கொடுக்காமல், சும்மா நிறத்தை மட்டும் கொடுத்தால் யார் தொடுவார்கள்?

சரி, ஊர்வாய்க்கு வருவோம். ஸ்கைரிமில் ஒரு முட்டைக்கோஸைத் திருடினால் உள்ளே நடப்பது இது. முட்டைக்கோஸின் மேல் 'இன்னாருக்குச் சொந்தம்' என்று ஒரு குறிப்பு இருக்கும். அதை எடுத்த கணமே, சுற்றி இருப்பவர்களில் யாருக்காவது நீங்கள் தெரிகிறீர்களா என்று இன்ஜின், அதாவது கேமை உள்ளே இருந்து ஓட்டுகிற நிரல், கணக்குப் போடும். பார்வைக் கோடு, வெளிச்சம், காலடிச் சத்தம், உங்கள் பதுங்கும் திறமை எல்லாம் அதில் வரும். யாருக்கும் தெரியவில்லை என்றால் முட்டைக்கோஸின் மேல் 'திருட்டுப் பொருள்' என்று முத்திரை விழுவதோடு சரி. தெரிந்தால், அந்த மாகாணத்தின் பெயரில் உள்ள அபராத எண் கூடும். ஸ்கைரிமில் ஒன்பது மாகாணம், ஒன்பது தனித்தனி அபராதக் கணக்கு. கைவைத்து அடித்தால் 40, கொலைக்கு 1000. அந்த மாகாணத்துக் காவலர் உங்களைப் பார்க்கும்போது எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வந்து மறிப்பார். அபராதம் கட்டலாம், சிறைக்குப் போகலாம், கத்தியை உருவலாம்.

மாகாணவாரியாகப் பிரித்தது நல்ல வேலை. இங்கே கொலைகாரன், அடுத்த மாகாணத்தில் கனவான். ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் செய்தி பரவுகிற விதம் அபத்தம். மலை உச்சியில் ஒரு குடியானவர் பார்த்தாலும் அடுத்த நொடியே மாகாணம் முழுக்கக் காவலருக்குத் தெரிந்துவிடும். கேம் உருவாகிக்கொண்டிருந்தபோது கோழிகளே குற்றத்தைப் புகார் செய்த கூத்தை இயக்குநர் டாட் ஹோவர்ட் சொல்லியிருக்கிறார். வெளியான கேமிலும் ரிவர்வுட்டில் ஒரு கோழியை வெட்டினால் ஊரே வாளை உருவிக்கொண்டு வரும். இதைவிட எனக்கு வயிறு கலக்குவது இன்னொன்று. பார்த்த ஒரே சாட்சியையும் கொன்றுவிட்டால், கடைசி சாட்சி ஒழிந்தார், அபராதம் நீங்கியது என்று திரையில் சமத்தாக ஒரு வரி வரும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இங்கே வாயையே இல்லாமல் செய்துவிடலாம். வெறும் ரெபுடேஷன் கணக்கு எவ்வளவு குளிர்ந்த பொருள் என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

ஊரைக் கட்சிகளாகப் பிரிப்பது அடுத்த படி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒவ்வொரு கூட்டத்தோடும் உங்களுக்கு எட்டுப் படி உறவு உண்டு. நடுநிலையிலிருந்து உச்சப்படி வரை 3,000, 6,000, 12,000, 21,000 என்று மொத்தம் 42,000 புள்ளி. பேர் என்று பெயர்தான், உண்மையில் அது சர்வீஸ் சீனியாரிட்டி. தினம் நாலு வேலை செய்தால் புள்ளி ஏறும், ஏறினால் குதிரை கிடைக்கும், சட்டை கிடைக்கும். 'பித்தன்' என்கிற மாதிரி ஒரு பட்டம் அங்கே உண்டு. அதற்குக் கடற்கொள்ளையரின் மதிப்பும் வேண்டும், அவர்களுடைய எதிரிகளான பூட்டி பே காவலரின் உச்ச மதிப்பும் வேண்டும். ஆகவே காவலரைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று கொள்ளையரிடம் நல்ல பேர் வாங்கிவிட்டு, அப்புறம் அதே காவலரிடம் வந்து மாதக்கணக்கில் வேலை செய்து தாஜா பண்ணவேண்டும். அவர்களும் மன்னித்துவிடுகிறார்கள். எண் ஒன்றுதானே, ஏறினால் இறங்கினது போய்விட்டது.

அதை உடைத்தது அப்சிடியன் நிறுவனத்துக்காரர்கள். ஒரே கோட்டில் ஏற்றம் இறக்கம் வைக்காமல், நல்லதற்கு ஒரு எண், கெட்டதற்கு ஒரு எண் என்று தனித்தனியாக வைத்தார்கள். 2010ன் ஃபால்அவுட் நியூ வேகாஸில் அப்படி, மாயாஜாலக் கதையான 2016ன் டிரனியிலும் அப்படி. ஒரு கூட்டத்துக்கு நிறைய நல்லதும் நிறையக் கெட்டதும் செய்திருந்தால் கழித்துப் பூஜ்யம் ஆகாது. 'இவனை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை' என்ற தனி நிலை வரும். ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி நாம் நிஜத்தில் பேசுவதும் இப்படித்தானே? "நல்லவர்தான், எங்கப்பா படுத்திருந்தப்ப ராத்திரி வண்டி அனுப்பினவர், ஆனா அந்த வாய்க்கால் விஷயத்தை மறக்க முடியாது." இரண்டும் அப்படியே நிற்கிறது, ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. உங்கள் கேமில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எண்ணைப் போட்டு வைக்கிற வேரியபிள் ஒன்றுக்குப் பதில் இரண்டு, அவ்வளவுதான் செலவு.

அதே ஆட்களின் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் நல்லவன் கெட்டவன் என்ற சொல்லே இல்லை. கருணை, கொடூரம், நேர்மை, வஞ்சகம், சாமர்த்தியம், ஆவேசம் என்று பத்து சுபாவங்கள், எல்லாம் தனித்தனியே ஏறும். அதில் ப்ளீக் வாக்கர்ஸ் என்று ஒரு வீரர் சபை உண்டு. அவர்களுடைய வழக்கம் ஈவிரக்கமின்மை. அந்தச் சபையில் சேர்ந்துவிட்டு இரக்கம் காட்டினால் உங்கள் சக்தி குறையும். நீங்கள் எந்தக் கொடியின் கீழ் நிற்கிறீர்களோ அந்தக் கொடியின் அளவுகோலால் அளக்கிறார்கள்.

ஊரும் வேண்டாம், வானமும் வேண்டாம் என்று நோட்டைக் கூட வருகிறவர்கள் கையில் கொடுத்தது 2009ன் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ். ஒவ்வொரு கூட்டாளிக்கும் உங்கள்மேல் -100 முதல் 100 வரை ஒரு அபிப்பிராயம். பேயாட்டம் நடக்கிற ஒரு கிராமத்துக்குச் சும்மா உதவி செய்தால் அலிஸ்டருக்குப் பிடிக்கும், மாரிகன் "நமக்கு இது வேலையா?" என்று முகம் சுளிப்பாள். இதில் இருக்கிற ஓட்டை, அன்பளிப்பு. மாரிகனுக்கு ஒரு தங்கக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பழைய கோபமெல்லாம் கரைந்துபோகும். அதே கோவில் உண்டியல்தான், இப்போது கூட்டாளி வேஷத்தில் நிற்கிறது. ஆனால் சில இடங்களில் இந்தக் கேம் எண்ணைத் தூக்கி எறிந்துவிடும், அங்கேதான் அது உயரத்துக்குப் போகிறது. புனிதச் சாம்பலை நீங்கள் மாசுபடுத்தினால் கூட வருகிற மந்திரக்காரக் கிழவி வின் உங்கள்மேல் மந்திரம் தொடுப்பாள், அபிப்பிராயம் 100ல் இருந்தாலும் சரி. தன் குருநாதரின் சாவுக்குக் காரணமான லோகைனை நீங்கள் மன்னித்துக் கூட்டத்தில் சேர்த்தால் அலிஸ்டர் உங்கள் பக்கம் நிற்கமாட்டான். அத்தனை மணிநேர சிநேகத்துக்குப் பிறகும். முதல் தடவை அது நடந்தபோது நான் முன்பு சேமித்து வைத்த சேவ் ஃபைலைத் திறந்து வேறு பதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என்ன கொடுத்தாலும் விட்டுத்தராத ஒன்று அவனுக்கு இருக்கிறது என்று எழுதியவர் முடிவு செய்திருக்கிறார்.

2011ல் வந்த இரண்டாம் பாகத்தில் இன்னொரு நல்ல யோசனை: அபிப்பிராயத்தின் எதிர்முனைக்கு வெறுப்பு என்று பெயர் வைக்காமல் போட்டி என்று வைத்தார்கள். எல்லாவற்றிலும் சண்டை போட்டுக்கொண்டே உங்களை மதிக்கிற ஆள். நடுவில் வழவழவென்று இருந்தால்தான் நஷ்டம்.

அடுத்து, நோட்டே இல்லாத வகை. 2007ல் போலந்துக்காரர்கள் செய்த தி விட்சர். திரையில் மீட்டர் கிடையாது, உள்ளேயும் பெரிய எண் எதுவும் கிடையாது. ஆம், இல்லை என்ற சுவிட்சுகள்தான், உங்கள் ஆர்பிஜி மேக்கரில் இருக்கிறதே, அதே சாதனம். முதல் அத்தியாயத்தில் ஆற்றங்கரையில் ஒரு வியாபாரியின் சரக்குக்கு ராத்திரிக் காவல் நிற்கிறீர்கள். எல்ஃப் என்கிற, மனிதரல்லாத இனத்தின் அடர்காட்டுப் போராளிகள் வந்து சரக்கைக் கேட்கிறார்கள். உள்ளே சாப்பாடுதான் என்கிறார்கள். மனிதர்கள் அவர்களைப் படுத்துகிற பாட்டையும் பார்த்திருக்கிறீர்கள். கொடுத்துவிடுகிறீர்கள், ஒரு மணியும் அடிக்காது. பல மணிநேரம் கழித்து அடுத்த அத்தியாயத்தில், துப்பு சொல்லக்கூடிய கோல்மன் என்ற போதை வியாபாரியைத் தேடிப் போனால், அம்பு தைத்துச் செத்துக்கிடக்கிறான். அன்றைக்கு நீங்கள் விட்டுக்கொடுத்த பெட்டிகளில் இருந்தது ஆயுதம்.

இதில் இருக்கிற தந்திரம் தூரம். உடனே பலன் தெரிந்தால் நாம் பழைய சேவைத் திறந்து மாற்றிவிடுவோம். பத்து மணிநேரம் தள்ளி வைத்தால் யாரும் திரும்பிப் போகமாட்டார்கள், வாழ்ந்துதான் ஆகவேண்டும். சேவ் செய்து பின்னால் போகிற இந்தப் பழக்கத்தை நேருக்கு நேர் பிடித்தது 2015ன் அண்டர்டேல். அதில் டோரியல் என்ற அம்மாவைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குப் போய் அவரை உயிரோடு விட்டால், சற்று தள்ளி ஃபிளவி என்ற பூ நின்றுகொண்டு நீங்கள் செய்ததெல்லாம் தனக்குத் தெரியும் என்று இளிக்கும். சித்திரகுப்தன் சேவ் ஃபைலுக்கு வெளியே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அது.

2023ல் லேரியன் நிறுவனம் செய்த பால்டர்ஸ் கேட் 3 பழைய 20 புள்ளிப் பேரைத் தூக்கிவிட்டது. ஊர் மீட்டர் இல்லை. தோப்பில் தஞ்சம் புகுந்த அகதிகளைக் கொன்று குவிக்கிற கூட்டத்தோடு சேர்ந்தால் வில், கார்லாக் என்ற இரண்டு கூட்டாளிகளும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். கூட்டத்தில் இரண்டு பேர் இல்லாத வெறுமை, மீட்டர் குறைவதைவிட அதிகமாக உறுத்தும். பலாடின் வீரர்களுக்கு மட்டும் சபதம் உண்டு. அதை மீறினால் ராத்திரி கூடாரத்தில் சபதம் முறித்த ஒரு பழைய வீரன் வந்து நிற்பான். அருமையான காட்சி. அப்புறம் என்ன? அவனிடம் 1000 தங்கம் கொடுத்தால் சபதம் திரும்பக் கிடைக்கும். உண்டியல் நம்மை விடுவதாக இல்லை.

மனசில் இருந்ததைக் கேட்கிற கேம் உண்டா என்றால், எனக்குத் தெரிந்து 1999ன் பிளேன்ஸ்கேப் டார்மெண்ட்தான் அதன் பக்கத்தில் போனது. அதில் ஒரே வாக்கியம் பதில் பட்டியலில் இரண்டு தடவை வரும். ஒன்றின் முன்னால் 'உண்மை' என்று இருக்கும், மற்றதன் முன்னால் 'பொய்' என்று இருக்கும். எதிரில் இருப்பவர் காதில் விழுவது ஒரே சொல்தான், அவருடைய முகமும் மாறாது. எதை அமுக்கினீர்கள் என்பது உங்களுக்கும் கேமுக்கும் மட்டும் தெரியும். செத்துப்போன காதலியின் ஆவி முன்னால் நின்று வாக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் நான் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரியும், பின்னால் ஒரு எண்ணும், இதைச் செய்ய ஒரு ராத்திரி போதும்.

இப்போது உங்கள் கேம். முதலில் திரையிலிருந்து மீட்டரை எடுத்துவிடுங்கள். வேரியபிள் உள்ளே இருந்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. உங்கள் முதல் ஊரில் சத்திரத்து மேஜையில் ஒரு காசுப்பை கிடக்கிறது, எடுத்தால் மீட்டர் 10 குறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த 10ஐ அழித்துவிட்டு, மேஜைக்குக் கீழே ஒரு பையனைப் படுக்க வையுங்கள். எடுப்பதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான் என்று ஒரு சுவிட்ச் போடுங்கள். பையை எடுக்கும்போது சத்தமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். இரண்டாம் ஊருக்குப் போக ஆற்றைத் தாண்டவேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அந்தப் பையனை அங்கே படகோட்டியிடம் எடுபிடி வேலைக்குச் சேர்த்துவிடுங்கள். சுவிட்ச் விழுந்திருந்தால், ஹீரோ வந்து நிற்கும்போது படகு இன்றைக்குக் கிளம்பாது என்று படகோட்டி சொல்லட்டும். ஏன் என்று கேட்டால், காற்று சரியில்லை என்று மட்டும் சொல்லட்டும். பையன் ஹீரோவைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும்.